ஆத்தங்குடிக் கல் கூடத்தில் பிங்க் ஃபிளாய்ட்: 50-ஆம் ஆண்டு இசைத்தட்டு

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் வந்தது 1973 மார்ச்சில். 50-ஆம் ஆண்டுக்காக ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி ஒலியை மறுபடி மெருகேற்றிய எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) தாராளமாக வாங்கலாம். முதல் பக்கம் மெல்லிய இதயத்துடிப்பில் தொடங்கும். தட்டில் தூசியோ கீறலோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் பக்கத்து ‘மணி’ (Money, அதாவது பணம்) பாட்டைத் தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகதிமி, ஏழு எண்ணிக்கை. கிதார் தனி வாசிப்பில் நாலுக்கு மாறும். சில்லறைக் காசு, கல்லாப்பெட்டி ஓசைகளை டேப்பில் வெட்டி ஒட்டி, வளையமாக ஓடவிட்டுத் தாளமாக்கினார்கள். இன்றைக்குக் கணினியில் நொடியில் போடும் லூப், அன்று கைவேலை. என்ன பொறுமை!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் கிராமபோனில் மட்டும் இதைப் போடாதீர்கள். அது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகளுக்கானது. இரும்பு ஊசியின் பாரம் எல்.பி.யின் நுண்ணிய வரிகளைச் சீவிவிடும். 33⅓ சுற்று டர்ன்டேபிள் வேண்டும். அதில் வரும் பெரும்பாலான காந்த வகை (மேக்னடிக் கார்ட்ரிட்ஜ்) ஊசிகளுக்கு 2 கிராம் பாரமே போதும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய வழவழப்பான செட்டிநாட்டுச் சுவரும் உள்ள கூடத்தில் எதிரொலி அதிகம். ஸ்பீக்கர் முன்னால் கனத்த ஜமுக்காளம் விரித்தால் ‘டைம்’ பாட்டின் கடிகார மணிகள் காதைக் குத்தாது. சித்திரை வெயில் படும் இடத்தில் தட்டை வைத்தால் வளைந்துவிடும். நிழலில் நிமிர்த்தியே அடுக்குங்கள்.