பிளேஸ்டேஷன் கிளாசிக்: எல்லாம் சரி, டெக்கன் 3-ஐ என்ன செய்வது?

"மச்சி, பி.எஸ். கிளாசிக் ஒண்ணு பாக்ஸோட கம்மி விலைக்குக் கிடைக்குது. எடுத்துடவா?" என்று நண்பன் கேட்டிருக்கிறான். வாங்கிய புதிதில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாகத் திட்டி அனுப்பியிருப்பேன். இப்போது அது சில வருடங்களாக டிவிக்குக் கீழே என்னோடு குடித்தனம் நடத்துகிறது. நிதானமாகச் சொல்ல முடியும் என்றுதான் நினைக்கிறேன். பார்ப்போம்.

பி.எஸ். கிளாசிக் என்பது சோனியின் முதல் பிளேஸ்டேஷன் கேம் கருவியின் குட்டி மறுபதிப்பு, டிஸ்க் கிடையாது. 2018 டிசம்பர் 3-ல் வந்தது, முதல் பிளேஸ்டேஷன் 1994-ல் ஜப்பானில் வெளியான அதே தேதியில். உள்ளே 20 கேம். விலை 100 டாலர் என்று வைத்தார்கள், சில வாரங்களிலேயே 60-க்கு இறங்கியது. கிராஷ் பேண்டிகூட் இல்லை, டூம் ரெய்டர் இல்லை, கிரான் டூரிஸ்மோ இல்லை என்று அப்போதே எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். நானும் சேர்ந்து அழப்போவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும் டிஸ்க் மூடி திறக்காது, அது வெறும் அலங்காரம். ஆனால் ஓபன் பட்டன் வேலை செய்கிறது! ஃபைனல் ஃபேன்டசி 7 அந்தக் காலத்தில் மூன்று டிஸ்க். கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும் அடுத்த டிஸ்க்கைப் போடச் சொல்லும். இதில் அந்த இடம் வந்தால் எழுந்து போய் ஓபன் பட்டனை அமுக்க வேண்டும், டிஸ்க் மாறிவிடும். இல்லாத டிஸ்க்கை மாற்ற எழுந்து நடப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மெனுவுக்குப் போகவும் இதேபோல் எழுந்து வந்து ரீசெட்டை அமுக்க வேண்டும், அது மட்டும் பிடிக்கவில்லை. ஒரே வகை வேலைதான். மனசு அப்படி.

கன்ட்ரோலர் இன்னும் நல்லது. கட்டை விரலால் சாய்க்கும் அனலாக் குச்சி வருவதற்கு முந்தைய பழைய பேட், அதிர்வும் கிடையாது. குறை என்று எழுதியவர்கள் உண்டு. சண்டை கேம் ஆடுபவனுக்கு அந்தக் குச்சி எதற்கு? நான்கு திசைப் பட்டன்களும் பழைய மாதிரியே தனித்தனியாக, கட்டை விரலுக்குக் கீழே கச்சிதமாக உட்காருகின்றன. யூ.எஸ்.பி. என்பதால் கணினியிலும் வேலை செய்கிறது. இத்தனை நாளாகியும் ஒரு பட்டன்கூட மக்கர் செய்யவில்லை. பவர் அடாப்டர் பெட்டியில் வராது. நான் தெருமுனைக் கடையில் வாங்கிப் போட்ட சார்ஜர் செத்துப்போய் வேறு மாற்றினேன், அதைக் கருவியின் கணக்கில் எழுத முடியாது.

இப்போது டெக்கன் 3.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இது வெறும் சண்டை கேம் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய வீடியோ கேம் கடைகளில் எங்களை வளர்த்ததே இதுதான். அதில் வரும் எடி என்ற சண்டைக்காரனை எடுத்துக்கொண்டு உதைக்கும் பட்டன் இரண்டை மட்டும் கண்மூடித்தனமாகத் தட்டி ஜெயிக்கிறவன் ஒவ்வொரு கடையிலும் ஒருவன் இருப்பான். அவனை அடிப்பதற்காகவே பத்து அடி காம்போ, அதாவது விடாமல் தொடர்ந்து விழும் பத்து அடி, பழகியவன் நான். அந்த காம்போவை மூளை நினைவில் வைத்திருக்காது, விரல்தான் வைத்திருக்கும். எந்த அடிக்குப் பிறகு எவ்வளவு இடைவெளி என்பது அதற்குத்தான் தெரியும்.

இந்தக் கருவியில் அந்த இடைவெளி தவறுகிறது. காரணம் ஊரறிந்தது. 20-ல் 9 கேம்கள் ஐரோப்பியப் பதிப்புகள், டெக்கன் 3 உட்பட. அமெரிக்க, ஜப்பானியப் பதிப்பு நொடிக்கு 60 படம் காட்டும். ஐரோப்பாவின் பழைய டிவிகள் 50 கணக்கில் ஓடியதால் அங்கே 50. நம் ஊர் பழைய டிவியும் அதே 50 கணக்குதான். அந்த டிவியில் அந்தப் பதிப்பை ஓட்டினால் குறைந்தபட்சம் கணக்காவது ஒத்துப்போகும். இந்தக் கருவியோ அதை 60 கணக்கில் எச்.டி.எம்.ஐ. வழியாக அனுப்புகிறது. 50 படத்தை 60 இடத்தில் நிரப்ப வேண்டுமென்றால் ஐந்து படத்துக்கு ஒரு முறை ஒரு படம் இரண்டு தடவை வர வேண்டும். நொடிக்குப் பத்து தடவை ஒரு சின்னத் திக்கல், பழைய பஸ் முதல் கியரில் இழுப்பது மாதிரி. முதல் முறை விளையாடுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. என் வீட்டுப் பிள்ளைகள் சந்தோஷமாக ஆடுகிறார்கள். எனக்கு மட்டும் ஐந்தாவது, ஆறாவது அடியில் காம்போ அறுந்துபோகிறது.

இந்த ஒன்பது கேம்களும் அமெரிக்காவில் விற்ற பெட்டியிலும் அப்படியே போயின. அதற்கு முந்தைய வருடமே நின்டெண்டோ தன் பழைய கருவியின் குட்டிப் பதிப்பான சூப்பர் நின்டெண்டோ மினியை ஐரோப்பாவில் விற்றபோதுகூட 60 கணக்கு அமெரிக்கப் பதிப்புகளைத்தான் உள்ளே வைத்தது. நின்டெண்டோவிடம் ஐரோப்பாக்காரனுக்கு அவன் சின்ன வயதில் பார்க்காத நல்ல பதிப்பு, சோனியிடம் அமெரிக்காக்காரனுக்கு அவன் பார்க்கவே தேவையில்லாத மெதுவான பதிப்பு! யார் உட்கார்ந்து முடிவு செய்தார்களோ, அவர்கள் டெக்கன் ஆடுகிறவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

சரி, வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. உள்ளே ஓடுவது ஆர்வலர்கள் எழுதிய பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்டு என்ற திறமூல எமுலேட்டர், அதாவது பழைய கருவியைப் போல நடித்து கேமை ஓட்டும் மென்பொருள். சில யூ.எஸ்.பி. கீபோர்டுகளைச் செருகி எஸ்கேப்பைத் தட்டினால் அதன் மெனு திறந்துகொள்கிறது என்று கருவி வெளியானவுடனேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே 60 என்று மாற்றலாம். ஆனால் 50-க்காக எழுதிய கேம் அதனால் அமெரிக்கப் பதிப்பாகிவிடாது. பென்டிரைவில் வேறு மென்பொருள் போட்டு, சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த நல்ல பதிப்பை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது நன்றாகவே ஓடுகிறது. அவ்வளவு தூரம் போகிறவனுக்கு இந்தக் குட்டிப் பெட்டி எதற்கு? வீட்டுக் கணினியே போதுமே.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், ஃபைனல் ஃபேன்டசி 7, மெட்டல் கியர் சாலிட், வைல்ட் ஆர்ம்ஸ் மூன்றும் இதில் சரியான பதிப்புகள். நிதானமாக ஆடும் கேம்களுக்கு இது அருமையான பெட்டி. சூப்பர் பசில் ஃபைட்டரில் என் மனைவி என்னைத் தொடர்ந்து தோற்கடிக்கிறாள், அதற்கும் கருவியைக் குறை சொல்ல முடியவில்லை. 60 டாலருக்கு இரண்டு நல்ல கன்ட்ரோலரும் இத்தனை கேமும் மோசமான பேரம் இல்லை. அதற்கும் கீழே கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றுதான் மேலே எழுதியதைப் படிக்கிறவர்கள் நினைப்பீர்கள்.

நண்பனுக்கு நான் அனுப்பிய பதில்: "வேண்டாம்டா. அந்த ஆளு கன்ட்ரோலர மட்டும் தனியா தருவாரான்னு கேளு. தந்தா எனக்கும் சேர்த்து வாங்கிடு."