டப்பாவா, அட்டையா? தண்டுவடக் காயத்துக்குப் பிறகு மாத்திரைக் கணக்கு

தண்டுவடத்தில் அடிபட்டு வீட்டுக்கு வந்தவருக்கு அம்மாவோ மனைவியோ மாத்திரையை எடுத்து வாயில் போட்டுவிடுவது பல வீடுகளில் வருடக்கணக்காக நடக்கிறது. அன்பினால்தான், ஆனால் அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டால் எது காலை மாத்திரை, எது ராத்திரி மாத்திரை என்று இவருக்கே தெரியாது. அதனால் அந்த வழியை நான் போட்டியில் சேர்க்கவே இல்லை.

மிச்சம் இரண்டு. அட்டையிலிருந்து நேராகப் பிதுக்கிச் சாப்பிடுவது, அல்லது ஒவ்வொரு நாள் மாத்திரைக்கும் தனித்தனி அறை வைத்த ஏழு நாள் டப்பா.

கால் மட்டும் செயலிழந்தவருக்கு அட்டையும் போன் அலாரமும் போதும். கழுத்தில் அடிபட்டவர் விஷயம் வேறு. சி6 அளவுக் காயத்தில், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்தில் அடிபட்டிருந்தால், மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தானாகக் குவியும், அந்தப் பிடியில் லேசான டம்ளரைக்கூடத் தூக்கிவிடலாம், ஆனால் அலுமினியத் தாளை அமுக்கி மாத்திரையை வெளியே தள்ள அந்த பலம் பத்தாது. பல்லால் கடித்துத் திறப்பவர்கள் உண்டு. மாத்திரை எகிறிச் சக்கர நாற்காலிக்கு அடியில் போய்விட்டால் அவ்வளவுதான், குனிந்து எடுக்க முடியாது.

இங்கே டப்பாதான் ஜெயிக்கிறது. அறை பெரிதாக, மூடி இறுக்கமில்லாததாகப் பார்த்து வாங்குங்கள், மூடி நுனியில் பிளாஸ்டரை வளையமாக ஒட்டினால் கட்டைவிரலை விட்டுத் தூக்கிவிடலாம். வாரம் ஒருமுறை யார் வேண்டுமானாலும் நிரப்பட்டும், எதை எந்த அறையில் போடுவது என்று பக்கத்தில் இருந்து சொல்வது நீங்களாக இருங்கள்.

ஆனால் டப்பாவுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு, இருப்பு தெரியாது. அட்டையில் நாலுதான் மிச்சம் என்றால் தினமும் கண்ணில் படும். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் விஷயத்தில் இது விளையாட்டல்ல: திடீரென்று நின்றால் இறுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும், காய்ச்சல், மனக்குழப்பம், வலிப்புவரை போகலாம். டப்பாவை நிரப்பிய பிறகு கையில் ஒரு வார இருப்பு இல்லையென்றால் அன்றைக்கே மருந்துக்கடைக்குச் சொல்லிவிடுங்கள்.

மலம் கழிக்க ஆசனவாயில் வைக்கும் பிசாகோடில் சப்போசிட்டரி இரண்டிலும் சேராது. பலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், வெயிலில் இளகியும் போகும், அதைக் குளிர்ச்சியான இடத்தில் தனியாக வையுங்கள்.

அப்புறம் அலாரம். சிறுநீரை வெளியேற்ற நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் குழாய் போடுபவர் என்றால் அதற்கென்று எப்படியும் மணி அடிக்கும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.