குட்டைப் பாசிக்கு மருந்தா, புல் கெண்டையா?

ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் தோட்டம். பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறேன். அதே தண்ணீர்தான் தக்காளிக்கும் பாய்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கோடையில் தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசி குட்டையை அடைத்துக்கொண்டது. கடையில் கொடுத்த களைக்கொல்லியை ஒரே நாளில் குட்டை முழுவதும் விட்டேன். பாசி செத்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் மீன்கள் கரையோரம் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. வெயில் ஏறுவதற்குள் பெரிய கட்லாக்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

மருந்தின் நஞ்சு என்றால் முதல் நாளே, குஞ்சுகளில் தொடங்கியிருக்கும். இங்கே பெரிய மீன்கள் முதலில் போயின, அதுவும் விடியலில். அழுகும் பாசி தண்ணீரின் ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டது. சூடான தண்ணீரில் அது கரைவதே குறைவு. இரவெல்லாம் குறைந்து விடியலில் மிகக் குறைந்த அளவுக்கு வரும். மருந்து மீனைக் கொல்லாது என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அழுகல் கொல்லும். மருந்துதான் வேண்டும் என்பவர்கள் வெயில் காலத்தைத் தவிர்த்து, குட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் விட்டு, இரண்டு வாரம் பொறுத்து அடுத்த பங்குக்குப் போகட்டும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தண்ணீருக்குள் மூழ்கிய பாசியை ஒன்றும் செய்யாது. மேலே மிதக்கும் ஆகாயத்தாமரைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி கேட்கும். ஆனால் அது துளி கலந்த தண்ணீர் பாய்ந்தாலும் தக்காளி இலை சுருண்டுவிடும். எங்கள் ஊரில் யார் அந்தத் துணிச்சலுக்குப் போவார்கள்?

இப்போது பாசியும் புல்லும் தின்னும் மீனான புல் கெண்டை விட்டிருக்கிறேன். அரையடிக்குக் குறையாத குஞ்சுகளாக வாங்கினேன். பாசி தீர மூன்று மாதம் ஆனது. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் பாசி அழுகாமல் வயிற்றுக்குள் போகிறது, அதன் எச்சம் தண்ணீருக்கு உரமாகி மற்ற மீன்களுக்கு இரையைப் பெருக்குகிறது. தேங்கிய தண்ணீரில் தானாக இனம் பெருக்காது என்பதால் எண்ணிக்கை நம் கையில் இருக்கும். மழையில் தண்ணீர் வழியும் வாய்க்கு மட்டும் வலை கட்ட வேண்டும்.

ஆகாயத்தாமரையைப் புல் கெண்டை நம்பும்படி தின்னாது. அதைப் பூக்கும் முன்பே கையால் வாரிப் போடுகிறேன். என்னுடையது சின்னக் குட்டை, பார்த்ததும் இரண்டே பருவம். பாரூர் ஏரி போன்ற பெரிய நீர்நிலைக்கு இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

பாசி தீர்ந்த பிறகும் கெண்டைக்குப் பசிக்கும். மாட்டுக்கு அறுக்கும் புல்லில் ஒரு கட்டு எடுத்து மாலையில் குட்டையில் வீசுகிறேன். காலையில் தண்டு மட்டும் மிதக்கிறது.