தூக்குவது பலூன், இறக்குவது யார்?

போன மாதம் வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள். வந்தவர்கள் எல்லாம் கிளம்பியதும், கூரையில் முட்டிக்கொண்டிருந்த ஹீலியம் பலூன் ஒன்றை இழுத்து, நூல் முனையில் ஒரு ரூபாய் நாணயங்களைச் செல்லோடேப்பால் ஒட்டிப் பார்த்தேன். ஒன்றை ஒட்டியபோது ஜம்மென்று மேலே போனது. இரண்டாவதையும் சேர்த்ததும் யோசித்து யோசித்து ஏறியது. மூன்றாவதற்கு மெல்லத் தரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு நாணயம் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஓரடி விட்டமுள்ள பலூன் தூக்குவது சுமார் 10 கிராம்.

பலூன் கொத்தில் தொங்கியபடி ஆள் பறப்பதைக் காட்டும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடும். நாற்காலியோடு ஓர் ஆள், 100 கிலோ என்று வையுங்கள். 10,000 பலூன் வேண்டும். ஒரு டன்னுக்கு ஒரு லட்சம். ஒன்றை ஊதிக் கட்ட ஒரு நிமிடம் என்றால், பத்துப் பேர் ராத்திரி பகலாக உட்கார்ந்தாலும் ஒரு வாரம் ஆகும். இந்த ரப்பர் பலூனில் ஹீலியம் நிற்பது ஏறக்குறைய ஒரு நாள்தான். கடைசி பலூனுக்கு முடிச்சுப் போடும்போது முதல் பலூன் சுருங்கித் தரையில் கிடக்கும். பெரிய எடைக்குச் சின்ன பலூன் போட்டியிலேயே இல்லை.

அடுத்தது வானிலை பலூன். விட்டம் இரட்டிப்பானால் ரப்பர் நாலு மடங்கு, உள்ளே கொள்ளும் வாயு எட்டு மடங்கு. சின்ன பலூன் தன் தூக்குதிறனில் ஐந்தில் ஒரு பங்கைத் தன் ரப்பரைச் சுமக்கவே செலவழிக்கிறது. பெரியதற்கு அந்தத் தொல்லை குறைவு. 2.4 மீட்டர் விட்டமுள்ள ஒன்று ஏறக்குறைய 7 கிலோவைத் தூக்கும். 2011இல் நேஷனல் ஜியாகிரபிக் தொலைக்காட்சிக்காக லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஒரு குட்டி வீட்டையே பறக்கவிட்டது இந்த அளவு பலூன்கள் 300ஐக் கொண்டுதான். 10,000 அடிக்கு மேல் போனது. ஆனால் பெருக்கிப் பாருங்கள், 300க்கும் சேர்த்து இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். செங்கல் சுவர் எல்லாம் நினைத்தே பார்க்க முடியாது; பறப்பதற்கென்றே லேசாகச் செய்த வீடு அது.

கொத்தாகக் கட்டுவதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஒன்று வெடித்தால் மற்றவை தாங்கும். இறங்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக உடைத்தால் போதும். 1982இல் கலிஃபோர்னியாவின் லாரி வால்டர்ஸ் அதை நம்பித்தான் தோட்டத்து நாற்காலியில் நாற்பதுக்கும் மேற்பட்ட வானிலை பலூன்களைக் கட்டி, கையில் ஏர் கன்னோடு உட்கார்ந்தார். கொஞ்ச உயரம் போய் வேடிக்கை பார்ப்பதுதான் திட்டம். கயிறு அறுந்ததும் நாற்காலி 16,000 அடிக்குப் போய்விட்டது. சில பலூன்களைச் சுட்டார், அப்புறம் துப்பாக்கியே கைநழுவி விழுந்துவிட்டது. கடைசியில் லாங் பீச்சில் மின்கம்பியில் சிக்கி, அந்தப் பகுதிக்கே கரண்ட் போனது. ஆள் தப்பித்தார். பிரேசிலின் பாதிரியார் அடெலிர் டி கார்லி 2008இல் ஆயிரம் பலூனோடு கிளம்பியபோது காற்று அவரைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது; உயிரோடு திரும்பவில்லை. கொத்துப் பலூனில் ஏறலாம், இறங்கலாம். எந்தப் பக்கம் போவது என்பது காற்றின் இஷ்டம்.

எத்தனை பலூன் என்பதை விட்டு, உள்ளே எதை அடைப்பது என்று வருவோம். ஹைட்ரஜன் ஹீலியத்தில் பாதி எடைதான், எனவே இரண்டு மடங்கு தூக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தூக்குவது வாயு இல்லை, பலூன் விலக்கித் தள்ளிய காற்று. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1,225 கிராம், ஹீலியம் 170, ஹைட்ரஜன் 85. கழித்தால் ஹீலியம் தூக்குவது 1,055 கிராம், ஹைட்ரஜன் 1,140. வித்தியாசம் வெறும் எட்டு சதவீதம்! விலையில் ஹைட்ரஜன் மலிவு, அதனால்தான் திருவிழா கேஸ் பலூன்களில் பல இன்றும் அதுதான். ஆனால் தீப்பொறி பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் இருக்கிறது. ஹீலியத்துக்காக வடிவமைக்கப்பட்ட கப்பல் அது. அமெரிக்கா ஹீலியம் தராததால் ஹைட்ரஜனோடு பறந்து, 1937 மே 6 அன்று நியூ ஜெர்சியின் லேக்ஹர்ஸ்டில் எரிந்தது. 36 பேர் இறந்தார்கள். எட்டு சதவீதத்துக்காக நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

வெறும் சூடான காற்று? 100 டிகிரிக்குச் சூடாக்கினாலும் ஒரு கன மீட்டருக்கு 280 கிராம்தான், அதுவும் வெளியே 15 டிகிரி குளிர் இருந்தால். நம் சித்திரை வெயிலில் 200 கிராம் தேறினால் பெரிது. பொள்ளாச்சியில் ஜனவரியில் பறக்கவிடும் பலூன்கள் அவ்வளவு பூதாகரமாக இருந்தும் கூடையில் நாலைந்து பேர்தான் நிற்கிறார்கள். ஆனாலும் ஒன்றில் ஹீலியத்தை இது தோற்கடிக்கிறது: பர்னரை அணைத்தால் இறங்கும், பற்றவைத்தால் ஏறும்.

டன் கணக்கில் தூக்குவதானால் ஒரே பெரிய பலூன்தான் வழி. ஒரு டன்னுக்கு 1,000 கன மீட்டர், விட்டம் 12 மீட்டரைத் தாண்டும். மீ-26 ஹெலிகாப்டர் தூக்கும் 20 டன்னுக்கு 34 மீட்டர் விட்டமுள்ள உருண்டை வேண்டும். ஹெலிகாப்டர் எரிபொருளைத் தண்ணீராய்க் குடிக்கும், பலூனோ மிதப்பதற்குக் காசு கேட்காது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஹெலிகாப்டர் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். பலூனில் கட்டிய 20 டன்னை அவிழ்த்த அடுத்த நொடி, 20 டன் விசையோடு அது வானத்துக்குப் பாயும். ஒன்று, அதே எடைக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். இல்லையேல் விலையுயர்ந்த ஹீலியத்தைத் திறந்துவிட வேண்டும். காட்டுக்குள் சுமையை இறக்குவதானால், அங்கே 20 டன் தண்ணீரை யார் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்?

இரண்டையும் கலந்தும் பார்த்தார்கள். பழைய கடற்படை பலூன் கப்பலோடு நாலு ஹெலிகாப்டர்களைப் பிணைத்து, காட்டில் மரம் தூக்க ஹெலிஸ்டாட் என்று ஒன்றைச் செய்தார்கள். 1986இல் சோதனையின்போதே உடைந்து விழுந்து ஒரு விமானி இறந்தார். இடம், அதே லேக்ஹர்ஸ்ட்.

ஜெர்மனியின் கார்கோலிஃப்டர் நிறுவனம் 160 டன் தூக்கும் ஹீலியக் கப்பலுக்குத் திட்டமிட்டது. அதைக் கட்டுவதற்காகவே பெர்லினுக்குத் தெற்கே 360 மீட்டர் நீளம், 107 மீட்டர் உயரத்தில் கொட்டகை எழுப்பினார்கள். கொட்டகை முடிந்தது, கப்பல் வரவில்லை, 2002இல் நிறுவனம் திவால். இப்போது அதற்குள் செயற்கைக் கடற்கரை போட்டு, வெளியே பனி கொட்டும்போது உள்ளே நீச்சல் உடையில் படுத்திருக்கிறார்கள்.