கட்டுரைத் தேடலுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

முறைசார் மீளாய்வுக்கான (ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுத்து மதிப்பிடும் ஆய்வு) கட்டுரைகளைத் தேடித் தருவதாகச் சொன்ன ஒரு கட்டணச் சேவை எங்கள் குழுவை ஏமாற்றிவிட்டது. ஆய்வு மாணவர்களைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பப்மெட், எம்பேஸ், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய நான்கு ஆய்வுக்கட்டுரைத் தேடல் தளங்களிலும் தேடியதாகச் சொல்லி ஓர் எக்செல் கோப்பு வந்தது. எந்தத் தேடல் தொடரை, அதாவது தேடல் பெட்டியில் இடும் சொற்கோவையை, பயன்படுத்தினீர்கள் என்று கேட்டால், "அது எங்கள் தொழில் ரகசியம்" என்றார்கள். அதற்குள் முழுத்தொகையையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். விடாமல் கேட்டபின் வந்தது, நான்கு தளங்களுக்கும் ஒரே தொடர்! அதில் இருந்தவை மெஷ் சொற்கள். மெஷ் என்பது பப்மெட்டை நடத்தும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியல். எம்பேஸுக்கு எம்ட்ரீ என்ற தனிப் பட்டியல் உண்டு. ஸ்கோபஸில் தொடரில் இடும் குறியீடுகளே வேறு. தளத்துக்குத் தளம் தொடரை மாற்றி எழுதாதவர்கள் அங்கே ஒழுங்காகத் தேடியிருக்க முடியாது.

கூகுள் ஸ்காலரில் பல்லாயிரம் முடிவுகளைப் படித்து வடிகட்டியதாகவும் அறிக்கையில் இருந்தது. ஒரு தேடலுக்கு 1000 முடிவுகளுக்கு மேல் ஸ்காலர் காட்டுவதே இல்லை.

அடுத்து, பட்டியலில் இருந்த டிஓஐ எண்களை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாள எண்) திறந்து பார்த்தோம். சில சம்பந்தமே இல்லாத கட்டுரைகளுக்குப் போயின. சில எங்குமே போகவில்லை, அப்படி ஒரு கட்டுரை எழுதப்படவே இல்லை. எனக்கு ஆத்திரம் மூட்டியது இன்னொன்று: இதழே விலக்கிக்கொண்ட கட்டுரை ஒன்றும் எந்தக் குறிப்புமின்றிப் பட்டியலில் இருந்தது. பப்மெட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே எச்சரிக்கை கண்ணில் படும். மருத்துவ மீளாய்வை நம்பிச் சிகிச்சை முடிவுகள் எடுக்கிறார்கள். அதில் இப்படியா விளையாடுவது?

பணம் திரும்பவில்லை. மின்னஞ்சலுக்கும் இப்போது பதில் இல்லை.

யாரிடம் ஒப்படைத்தாலும் ஒவ்வொரு தளத்திலும் இட்ட முழுத் தொடர், தேடிய தேதி, கிடைத்த எண்ணிக்கை இவற்றைத் தருவதாக முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். மீளாய்வுத் தேடலை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும், 2021இல் வெளியான பிரிஸ்மா-எஸ் வழிகாட்டி கேட்பதும் இவற்றைத்தான்; தராதவரின் தேடலை நம்பி இதழுக்கு அனுப்பாதீர்கள். தளங்களிலிருந்து நேரடியாக இறக்கிய ஆர்ஐஎஸ் கோப்புகளையும் (கட்டுரை விவரங்கள் அடங்கிய கோப்பு வகை) கேளுங்கள்.

பப்மெட் எல்லோருக்கும் இலவசம். எம்பேஸும் ஸ்கோபஸும் சந்தாத் தளங்கள் என்றாலும், உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தவர் ஒரு நூலகர்தான். கட்டணம் எதுவும் வாங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தளத்துக்கும் தொடரைத் தனித்தனியாக எழுதிக் காட்டினார். அந்தத் தொடர்களை வைத்துத் தேடலை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம்.