துருப்பிடித்த போல்ட்டுகளோடு ஆறு வருடம்

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி, வெட்டவெளியில் நிற்கிறது என் 2009 மாடல் ஹேட்ச்பேக். உப்புக்காற்று போதாதென்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பாதிச் சக்கரம் வரை தண்ணீர். இதன் முன்பக்க சஸ்பென்ஷனை ஆறு வருடமாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன். லிங்க் ராடு (வளைவில் வண்டி சாயாமல் பார்க்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு தண்டு) மூன்று தடவை, ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) ஒரு ஜோடி, வலது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) ஒன்று மாற்றியாகிவிட்டது. புதுசை மாட்டுவது அரை மணி நேரம். பழசைக் கழற்றுவதுதான் வேலையே.

முதலில் பெரிய பெட்டியாக ஒரு செட் வாங்கினேன். எல்லாம் பன்னிரண்டு முனை சாக்கெட். துருவில் போல்ட் தலை ஏற்கெனவே கொஞ்சம் கரைந்திருக்கும். இந்த சாக்கெட் மூலைகளை மட்டும்தான் கவ்வும், பலம் கொடுத்தால் வழுக்கித் தலையை மழுக்கிவிடும். இப்போது 14, 17, 19 அளவுகளில் மட்டும் ஆறு முனை சாக்கெட், கூடவே இரண்டடி பிரேக்கர் பார், அதாவது பலம் கொடுத்துத் திருப்ப நீளமான கைப்பிடி. இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த உருப்படியான செலவு இதுதான்.

தட்டித் தட்டித் திருப்பும் பாட்டரி இம்பாக்ட் ரென்ச்சும் மூன்றாம் வருடம் வாங்கினேன். வீல் நட்டுக்கும் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுக்கும் அருமை. லிங்க் ராடில் ஒன்றும் நடக்காது, நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரைத் தண்டு) சுற்றும். ஸ்டட் முனையில் ஆலன் கீ போடும் குழி இருக்கும், அதில் மண்ணும் துருவும் இறுகியிருக்கும். ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, கீயைச் சுத்தியலால் தட்டி இறக்கிப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். குழியே மழுங்கிவிட்டால் யோசிக்காதீர்கள், கிரைண்டரால் வெட்டிவிடுங்கள். எப்படியும் குப்பைக்குப் போகிற ராடுதானே. பிரேக் ஹோஸ் மேல் மட்டும் ஈரச் சாக்கு போர்த்துங்கள்.

என்னை அழவைத்தது வலது லோயர் ஆர்மின் பின்பக்க போல்ட். அதன் நட்டு சப்ஃப்ரேமுக்குள் (இந்தப் பாகங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம்) வெல்டு செய்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பிரேக்கர் பாரில் பைப்பைச் சொருகி இழுத்தேன். ‘டக்’கென்று சத்தம். போல்ட் சுலபமாகச் சுற்றியது, எனக்கு ஒரே சந்தோஷம். இருபது சுற்று சுற்றியும் அது ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. உள்ளே வெல்டு விட்டு, நட்டும் கூடவே சுற்றிக்கொண்டிருந்தது.

வெல்டிங் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். சப்ஃப்ரேமில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி நட்டைப் பிடித்துக் கழற்றினார். கிளம்பும்போது, “சார், வராத போல்ட்டை முதல்ல கொஞ்சம் டைட் வைங்க, அப்புறம் லூஸ் பண்ணுங்க” என்றார்.

அதிலிருந்து அப்படித்தான். வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்க்காமல் ஆயில் விடுவதில்லை, விட்டால் அது சேற்றின் மேல்தான் நிற்கும். மூன்று நாள் மாலையில், துருவுக்குள் ஊடுருவும் பெனட்ரேட்டிங் ஆயில் விடுவேன். பட்டறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், அதுவும் கேட்கும், பொறுமை கூட வேண்டும். பிறகு மயிரிழை டைட், கால் சுற்று லூஸ். போல்ட் கிறீச்சிட்டால் நிறுத்தி, மறுபடி ஆயில், மறுபடி கொஞ்சம் டைட். மரையிலிருந்து செங்கல் நிறத்தில் பொடி கசிந்து வரும்போது ஆயில் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

அதற்கும் மசியாவிட்டால் சின்ன பியூட்டேன் டார்ச். நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து பிடி தளரும். முன்னதாக ஆயிலைத் துடைத்துவிட வேண்டும், தீப்பிடிக்கும். பிரேக் க்ளீனர் அடித்த இடத்தில் நெருப்பே கூடாது, குளோரின் கலந்த வகையாக இருந்தால் விஷவாயு வரும். ஷாக் அப்சார்பர் பக்கமும் டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே எண்ணெயும் வாயுவும் அடைபட்டிருக்கின்றன. லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் கருகும் நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் புஷ்ஷையும் மாற்றத்தானே போகிறீர்கள்.

திரும்ப மாட்டும்போது, புஷ்ஷின் இரும்புக் குழாய்க்குள் போகும் போல்ட் தண்டில் காப்பர் கிரீஸ் தடவுகிறேன், மரையில் தடவுவதில்லை. நைலாக் நட்டு (தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது) ஒவ்வொரு தடவையும் புதுசு. புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு வண்டி தரையில் நின்ற பிறகுதான், இல்லையென்றால் ரப்பர் முறுக்கியபடியே இறுகிச் சீக்கிரம் கிழியும்.

இப்போது இடது லோயர் ஆர்ம் சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது. அதன் பின்பக்க போல்ட்டில் இன்னும் ஸ்பேனர் வைக்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து ஆயில் மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறேன்.