சூட்டுப் பானையா, சோடாக் கிண்ணமா, தோல் பாகா? குளிர்கால விருந்துக்கு ஆரஞ்சு பானம்

குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து பேர் வீட்டில் கூடுகிறார்கள், மது கிடையாது, அதற்காகப் பாட்டில் ஜூஸை ஊற்றி நீட்டவும் மனசு வரவில்லை என்றால், ஆரஞ்சும் எலுமிச்சையும் வைத்து மூன்று விதமாகச் செய்யலாம். சாற்றை மசாலாவோடு சூடாக்கிப் பானையிலிருந்து மொண்டு கொடுக்கலாம். குளிரவைத்த சாற்றில் சோடா ஊற்றிப் பெரிய கிண்ணத்தில் வைக்கலாம். இல்லையென்றால், பழத்தின் தோலில் முந்தின நாளே ஒரு பாகு எடுத்து வைத்து, விருந்தன்று அவரவர் கோப்பையில் கலந்து கொடுக்கலாம். என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஆனால் மற்ற இரண்டும் மோசம் என்று சொல்ல வரவில்லை. அவை சொதப்பும் இடங்கள் தெரிந்திருந்தால் அவற்றையும் நன்றாகச் செய்யலாம்.

முதலில் சூட்டுப் பானை. இதன் பெரிய பலம் வாசனை. வெளிக்குளிரிலிருந்து உள்ளே நுழைகிறவருக்குப் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ வாசனை வாசலிலேயே வந்துவிடும், மற்ற இரண்டு வழிகளிலும் இது கிடைக்காது. ஆனால் பலரும் ஆரஞ்சுச் சாற்றையே அடுப்பில் ஏற்றி மசாலாவோடு ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. புதுச் சாற்றின் மணம் ஆவியோடு போய் வேகவைத்த பழத்தின் ருசி வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை கசப்பு. ஆரஞ்சுக்குள் ருசியே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தைப் பிழிந்ததும் சாற்றின் புளிப்பு பட்டு அது மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும், சூடாக்கினால் இன்னும் சீக்கிரம் மாறும். பிழிந்தவுடன் இனிக்கும் சாத்துக்குடிச் சாறு கொஞ்ச நேரம் வைத்தால் கசப்பதும் இதனால்தான். விதையில்லாத நேவல் ஆரஞ்சில் இந்தக் கசப்பு அதிகம், வாலன்சியாவில் குறைவு. அதனால் எந்த ஆரஞ்சு வாங்குகிறோம் என்பது சூட்டுப் பானைக்கு முக்கியம்.

இதற்கு வழி சுலபம். மசாலாவைத் தண்ணீரிலோ ஆப்பிள் சாற்றிலோ கொதிக்க வையுங்கள், ஆரஞ்சுச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். 2 லிட்டர் பானத்துக்கு 1.2 லிட்டர் ஆப்பிள் சாறு, பட்டை 2 துண்டு, கிராம்பு 6, அன்னாசிப்பூ 1, நசுக்கிய இஞ்சி ஒரு விரல் நீளம். 15 நிமிடம் சிறு தீயில் வைத்து வடிகட்டி, அதன் பிறகு 800 மில்லி ஆரஞ்சுச் சாறு. கிராம்பைக் கூட்டிவிட்டால் நாக்கு மரத்துப்போகும், பல்வலிக்குக் கிராம்பு வைப்பது போலத்தான், அதற்குப் பிறகு பழத்தின் ருசி தெரியவே தெரியாது. படத்தில் அழகாக இருக்கிறதே என்று வட்ட வட்டமாக நறுக்கிய ஆரஞ்சை முதலிலிருந்தே மிதக்க விடாதீர்கள், தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும். பரிமாறும்போது போட்டால் போதும். பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமலாகவோ இருக்கட்டும், அலுமினியமும் பித்தளையும் இந்தப் புளிப்புக்கு ஆகாது.

சோடாக் கிண்ணம் பார்வைக்கு இவை எல்லாவற்றையும் மிஞ்சும். ரத்த ஆரஞ்சு கிடைத்தால் அதன் சிவப்பு சூடு படாமல் அப்படியே நிற்கும், கூட்டம் நிறைந்து புழுங்குகிற அறையில் குளிர்ந்த பானத்தைத்தான் கைகள் தேடும், குளிர்காலமாக இருந்தாலும். பிரச்சினை, அதன் ஆயுள் ரொம்பக் குறைவு. சோடாவில் இருக்கும் வாயு குளிர்ந்த நீரில்தான் நன்றாகத் தங்கும். 20 டிகிரியில் கரைவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு 0 டிகிரியில் கரையும். அதனால் சாறு, சோடா, கிண்ணம் எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும், சாற்றை வடிகட்டியிருக்க வேண்டும் (சக்கை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே நுரை பொங்கி வாயு போய்விடும்), சோடாவைக் கடைசியில் ஓரமாகச் சரித்து ஊற்ற வேண்டும். இவ்வளவு செய்தாலும் தாமதமாக வருகிறவருக்குக் கிடைப்பது வாயு போன, ஐஸ் கரைந்த தண்ணீர்ச் சாறுதான். சின்னச் சின்ன ஐஸ்கட்டிக்குப் பதில் ஒரு டப்பா நிறைய உறையவைத்த ஒரே பெரிய பாளத்தைப் போட்டால் மெதுவாகக் கரையும். இன்னொன்று, குளிர்ந்ததில் இனிப்பு மங்கித் தெரியும், சோடாவும் தன் பங்குக்குப் புளிப்பு சேர்க்கும், ஆகவே அறைச் சூட்டில் ருசி பார்த்துச் சர்க்கரையை முடிவு செய்யாதீர்கள்.

இப்போது தோல் பாகு. ஆரஞ்சின் மணம் பெரும்பாலும் சாற்றில் இல்லை, தோலின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. அதை நாம் குப்பையில் போட்டுவிட்டு சாற்றில் மணத்தைத் தேடுகிறோம். 6 ஆரஞ்சு, 4 எலுமிச்சை எடுத்து வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், கடைப் பழத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். தோல் சீவியால் நிறமுள்ள மேல்தோலை மட்டும் சீவி, வெள்ளைப் பகுதி வராமல் பார்த்துக்கொண்டு, 300 கிராம் சர்க்கரையோடு போட்டு மத்தாலோ கரண்டிக் காம்பாலோ அழுத்திப் பிசைந்து மூடி வைத்துவிடுங்கள். சர்க்கரை எண்ணெயை உறிஞ்சி எடுக்கும். ஐந்தாறு மணி நேரத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும், ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. மறுநாள் 200 மில்லி எலுமிச்சைச் சாறு ஊற்றிச் சர்க்கரை கரையும் வரை கலக்கி வடிகட்டினால் ஏறத்தாழ 400 மில்லி பாகு கிடைக்கும், அடுப்பே தேவையில்லை. சூடு படாததால் மணம் முழுசாக இருக்கிறது, லிமோனின் தொல்லையும் கிடையாது. மூடிய பாட்டிலில் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம்.

ஒரே பாகுதான், ஆனால் இரண்டு பக்கமும் போகும். கோப்பையில் 25 மில்லி பாகு, அப்போதுதான் பிழிந்த ஆரஞ்சுச் சாறு 50 மில்லி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கக் கட்டன் தேநீர் 125 மில்லி ஊற்றினால் எல்லாம் கலந்து 60 டிகிரி சுமாருக்கு வந்து நிற்கும், உடனே குடிக்கலாம். குளிர்ச்சியாகக் கேட்பவருக்கு அதே பாகில் சோடா. கடைசியாக வருகிறவருக்கும் முதலில் வந்தவருக்குக் கிடைத்த அதே ருசி கிடைக்கும், எனக்கு இதுதான் பெரிய விஷயம். குறை என்றால் இரண்டு. முந்தின நாளே யோசித்திருக்க வேண்டும், அப்புறம் வீட்டை நிறைக்கும் மசாலா வாசனை இதில் வராது. அது வேண்டும் என்றால் பட்டையும் கிராம்பும் தேநீர்த் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள், பாதி வாசனையாவது வந்துவிடும்.

தேநீர் எதற்கு என்று கேட்கலாம். மது இல்லாத பானங்கள் பல வெறும் இனிப்புத் தண்ணீராக நின்றுவிடக் காரணம், மது கொடுக்கும் காரமும் கனமும் போன இடத்தில் வேறு எதையும் வைக்காததுதான். தேநீரின் துவர்ப்பு அந்த இடத்தை நன்றாக நிரப்புகிறது, தேநீர்த் தண்ணீரில் தட்டிப் போடும் இஞ்சி தொண்டையில் ஒரு உறைப்பைத் தருகிறது, கோப்பையில் போடும் ஒரு சிட்டிகை உப்பு மிச்சம் இருக்கும் கசப்பை அடக்கி இனிப்பைத் தூக்குகிறது. தேநீர் 4 நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம். எலுமிச்சை பட்டதும் அதன் நிறம் வெளிறும், அது இயல்பு. குழந்தைகளுக்கும் தூக்கம் கெடும் என்று யோசிப்பவர்களுக்கும் தேநீருக்குப் பதில் இஞ்சித் தண்ணீர் கொடுங்கள்.

மூன்றில் எதைச் செய்தாலும் மது அறவே கூடாது என்று இருப்பவர்கள் வரும் வீட்டில் சின்ன பாட்டில்களைக் கவனியுங்கள். ஒரிஜினல் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் மதுவில் எடுக்கப்படுவது, அமெரிக்க விதிப்படி குறைந்தது 35 சதவீதம் மது இருக்க வேண்டும். கலவைகளில் சொட்டுச் சொட்டாக விடும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரத்திலும் பெரும்பாலும் மது உண்டு. வீட்டில் புளிக்கவைத்த இஞ்சி பீரிலும் கொஞ்சம் உருவாகும்.

ஆரஞ்சு இனத்தில் கசப்பும் புளிப்புமாக இருக்கும் பெரிய பழமான கிரேப்ஃப்ரூட்டின் சாற்றைப் பொதுக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஃபெலோடிபைன், கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாடின் போன்ற மாத்திரைகளை உடல் சிதைக்கும் வேலையை அது தடுத்துவிடுவதால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். ஃபெலோடிபைனோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்து, கனடாவில் 1989-இல் வெளியான ஒரு ஆய்வில், மதுவின் ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்து கொடுத்தபோது தற்செயலாகத் தெரியவந்த விஷயம் இது. மார்மலேடுக்குப் போடும் கசப்பு ஆரஞ்சுக்கும் பம்ப்ளிமாஸுக்கும் இதே குணம் உண்டு. அந்தக் கசப்பு பிடித்தவர்கள் இருந்தால் சாற்றைத் தனிக் குடுவையில் வைத்து, மேலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், வேண்டியவர் கேட்டு ஊற்றிக்கொள்ளட்டும்.